விடுதலைப் பத்திரம்

சொத்தில் பெண்ணுக்குப் பங்கு உண்டு என்று தெரியாத வீடு இன்று தமிழ்நாட்டில் அநேகமாகக் கிடையாது. அந்தப் பங்கைக் கேட்டு வாங்கிய பெண்ணைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

நல்ல நாள் பார்த்து ஏதாவது ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தால் இது கண்ணில் படும். அப்பா காலமாகி, வாரிசுச் சான்றிதழும் வாங்கியாகிவிட்டது. அண்ணன் தம்பிகளோடு அக்கா தங்கைகளும் வந்திருப்பார்கள். பத்திர எழுத்தர் விடுதலைப் பத்திரம் தயாராக வைத்திருப்பார். அதில் தங்கள் பாகத்தைச் சகோதரனுக்கு விட்டுக்கொடுத்து அந்தப் பெண்கள் கையெழுத்துப் போடுவார்கள், ரேகை வைப்பார்கள், கேமராவைப் பார்ப்பார்கள். குடும்பத்தாருக்குள் என்பதால் முத்திரைத் தீர்வையில் சலுகையும் உண்டு. முடிந்ததும் அண்ணன் எல்லாரையும் ஓட்டலுக்குக் கூட்டிப்போவார். யாரும் அழுவதில்லை. ஒரு விசேஷம் நல்லபடியாக முடிந்த களைப்புதான் முகங்களில் தெரியும்.

ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "எனக்கெதுக்குங்க? எங்கண்ணன் நல்லா இருந்தாப் போதும்."

இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது படித்தவர்களுக்கு வசதி. எனக்கென்னவோ இதைவிடக் கறாரான கணக்கு வேறில்லை என்று தோன்றுகிறது. பிறந்த வீடு என்பது கணவன் சரியில்லாமல் போனால் பெட்டியோடு வந்து நிற்க ஒரு வாசல். பிள்ளைக்குக் காது குத்த மடி தரத் தாய்மாமன் வேண்டும். மகள் வயசுக்கு வந்தால் பச்சை ஓலை கட்ட அவன் வேண்டும். கல்யாணத்துக்கு அவன் சீர் வரிசை வந்து இறங்காவிட்டால் சம்பந்தி வீட்டில் தலைநிமிர முடியாது. கடைசியில் அவள் செத்துக் கிடக்கும்போது பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். அரை ஏக்கர் நிலத்தை ஒரு பக்கமும் இத்தனையையும் மறுபக்கமும் வைத்துப் பார்த்துத்தான் அவள் பேனாவை எடுக்கிறாள். பங்கு கேட்டவளுக்கு அந்த வாசல் அடைபட்டுப்போன கதை ஊருக்கு ஒன்றாவது அவளுக்குத் தெரியும்.

சட்டம் வந்த வழியைப் பார்த்தால் இன்னொன்று புரிகிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கும் ஆண்களைப் போலச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை நிறைவேற்ற முடியாத கசப்பில் அம்பேத்கர் 1951-இல் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்பாவின் சொந்த சம்பாத்தியத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது. பூர்வீகச் சொத்தில் பிறந்தவுடனே உரிமை பெறுகிறவன் மகன் மட்டுமே என்ற பழைய ஏற்பாட்டை மட்டும் அது தொடவில்லை.

அதே சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகளாகப் பார்த்துப் பிரித்துக்கொள்ளாதவரை மகள் தன் பாகத்தைப் பிரித்துக் கேட்க முடியாது. அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும் கல்யாணம் ஆகாதவளுக்கும், கணவனை இழந்தவளுக்கும், பிரிந்து வந்தவளுக்கும், கைவிடப்பட்டவளுக்கும்தான். வந்து நிற்க ஒரு வாசல் என்று நம் வீட்டுப் பெண்கள் போட்டுவைத்திருக்கிற அதே கணக்கை நாடாளுமன்றமும் போட்டிருக்கிறது! 2005 வரை இந்தப் பிரிவு உயிரோடு இருந்தது.

தமிழ்நாடு அதற்கெல்லாம் முன்பே விழித்துக்கொண்டது உண்மை. ஆந்திரத்துக்கு அடுத்து, கருணாநிதி ஆட்சியில் வந்த 1989-ஆம் ஆண்டுத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்புரிமை கொடுத்தது. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கு அறுபது வருடம் கழித்து. பெருமைப்பட வேண்டிய சட்டம்தான். ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணம் ஆன மகளுக்கு அது பொருந்தாது. ஒரே வீட்டில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பெண்கள். தையில் தாலி கட்டிக்கொண்ட அக்காவுக்கு ஒன்றுமில்லை. சித்திரையில் கட்டிக்கொண்ட தங்கைக்குப் பங்கு உண்டு. "அதான் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே, இன்னும் என்ன?" என்று திண்ணையில் பெரியவர்கள் கேட்பார்களே, அந்தக் கேள்வி பதமான சட்ட மொழியில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான் கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற கோடு அழிந்தது. அப்பா அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை உச்ச நீதிமன்றம் தீர்த்துவைக்க 2020 ஆகஸ்ட் வரை ஆனது: இருந்திருக்க வேண்டியதில்லை, உரிமை பிறப்பால் வருவது.

"இதெல்லாம் நம்ம பண்பாடு, அவ்வளவு லேசில் மாறாது" என்பவர்களுக்கு நாஞ்சில் நாட்டை நினைவுபடுத்தத் தோன்றும். திருவிதாங்கூர் ஆட்சியின் கீழ் இருந்த அந்தத் தமிழ் மண்ணில் வேளாளர்களிடம் மருமக்கள் வழி இருந்தது. ஒருவர் சேர்த்த சொத்து அவர் பிள்ளைகளுக்குப் போகாது. சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மனைவியும் மக்களும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் அது. கவிமணி அதைக் கேலி செய்து, ஒரு மனைவியின் குரலில் ஒரு நூலே பாடினார். படித்தவர்கள் கிளர்ந்தார்கள். 1926-இல் சட்டம் மாறி மக்கள் வழிக்குப் பாதை திறந்தது. அங்கே வெறுங்கையோடு நின்றவர்களில் மகன்களும் இருந்தார்கள் என்பதை நான் கொஞ்சம் குறும்போடுதான் குறித்துக்கொள்கிறேன். இழப்பவன் ஆணாக இருந்தால் பண்பாடு இத்தனை வேகமாக வளைந்துகொடுக்கும் போலிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு. அங்கே தேசவழமைப்படி காணியும் வீடும் சீதனமாக மகளின் பெயருக்கே எழுதப்பட்டு வந்தன. சீதனம் வாங்கியவள் பெற்றோரின் மிச்சச் சொத்தில் பங்கு கேட்க முடியாது என்பது அதன் மறுபக்கம். ஆனாலும் மகளுக்கு மண் கொடுத்தால் குடும்பம் சிதறிவிடும் என்ற நம் ஊர்ப் பயத்தை அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

விடுதலைப் பத்திரத்தின் லாபம் எங்கே போகிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. பிறந்த வீட்டில் பங்கை விட்டுக்கொடுத்துத் திரும்புகிறவள், புகுந்த வீட்டில் அண்ணியாக இருக்கிறாள். அங்கே நாத்தனார் வந்து கையெழுத்துப் போட்டால்தான் இவள் வீட்டுக்காரர் பெயரில் பட்டா மாறும். தான் கேட்காததை நாத்தனாரும் கேட்கக்கூடாது என்று அவள் நினைப்பதில் ஒரு நியாயம் கூட இருக்கிறது. கேட்டுவிட்டால், "நான் கேட்டேனா?" என்று முதலில் கிளம்பும் குரல் அவளுடையதாகத்தான் இருக்கும். நாத்தனார், அண்ணி என்ற இரண்டு வேடங்களையும் ஒரே பெண் போட்டுக்கொண்டிருக்கும்வரை மாநாடும் மசோதாவும் வாசலோடு நின்றுவிடுகின்றன.

அந்த வேடங்கள்தான் இப்போது குலைகின்றன. எந்தக் கட்சியும் எந்த அமைப்பும் திட்டமிட்டுக் குலைக்கவில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண் பெற்றுக்கொள்ளும் குழந்தைகளின் சராசரி, 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 1.8. இரண்டு பெண்கள் மட்டும், அல்லது ஒரே பெண் மட்டும் என்று எத்தனையோ வீடுகள். அங்கே யாருக்கு விட்டுக்கொடுப்பது? பையன் இருக்கிற வீட்டிலும் அவன் சியாட்டிலில் இருக்கிறான், அல்லது சிங்கப்பூரில். அப்பாவுக்கு நெஞ்சு வலி என்றால் ஆட்டோ பிடித்து ஓடுகிறவள் பக்கத்துத் தெருவில் இருக்கும் மகள். பென்ஷன் வாங்க வங்கிக்கு அழைத்துப்போவதும், வேலைக்காரம்மா வராத நாளில் சோறு கொண்டுவருவதும் அவளே. கொள்ளி வைப்பதும் சில வீடுகளில் அவளாகிவிட்டது. "கடைசிக் காலத்துல பாக்கப்போறவன் பையன்தானே" என்ற ஒரு வாக்கியத்தின் மேல்தான் பழைய பாகப்பிரிவினை முழுவதும் நின்றுகொண்டிருந்தது. அதற்கு அடியில் இருந்த தரை போய்விட்டது.

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. சுயமாகச் சம்பாதித்த சொத்தை அப்பா யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். அதில் சட்டம் தலையிடாது. 2005-க்குப் பிறகு விவரமான அப்பாக்கள் பலர் உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதிவைத்துவிடுகிறார்கள். மகளின் கையெழுத்துக்கே அங்கே வேலை இல்லை. கேட்டு வாங்காவிட்டாலும் கேட்க ஒரு இடம் இருந்ததே, அதுவும் போகிறது.

என் உறவில் ஒரு வீட்டில் இது வேறு மாதிரி நடந்தது. மாமாவும் அத்தையும் வீட்டை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாக எழுதினார்கள். அத்தை இருக்கும்வரை அங்கேயே இருக்கலாம் என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் மறுப்புச் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரி ராத்திரியெல்லாம் அவதானே முழிச்சா" என்றானாம். அவன் மனைவிக்கு முதலில் கொஞ்சம் வருத்தம். அடுத்த வருடம் அவள் தன் பிறந்த வீட்டில் இதே பேச்சை எடுத்தாள் என்று கேள்விப்பட்டேன். அங்கே என்ன முடிவானது என்று யாரும் சொல்லவில்லை. மாமா வீட்டில் அண்ணனின் பொங்கல் சீர் தங்கைக்கு நிற்கவில்லை, ஜிபேயில் வருகிறது. தீபாவளிக்கு அண்ணன் பிள்ளைகளுக்கு அவளும் அனுப்புகிறாள், அவன் அனுப்பியதைவிட ஐநூறு கூட்டி.