கொல்பவனும் சுமப்பவனும்

கொல்லாமை என்னும் முதற் சீலத்தை நாம் நாள்தோறும் வாயாற் சொல்லி வருகின்றோம். சொல்லுதல் எளிது. கொலை எவ்விடத்தில் தொடங்குகின்றது, எவ்விடத்தில் முடிகின்றது என்று ஆராய்தல் அரிது. உயிர் பிரியும் அந்த ஒரு கணந்தான் கொலையோ? அதற்கு முன்னர்ச் செய்த ஆயத்தமும், பின்னர்ச் சுமந்த சுமையும் யார் கணக்கிற் சேரும்? இவ்வினாவைத் திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் வாழும் தமிழ் உபாசகர் ஒருவர் அண்மையில் எழுப்பினார். அவருடைய வினா நம் அனைவர்க்கும் உரியதாகலின் ஈண்டு அதனை விரித்துரைக்கின்றேன்.

கழக்கூட்டத்தில் 1990-ஆம் ஆண்டு டெக்னோபார்க் நிறுவப்பட்டது. அதன் பின்னர்த் தமிழ்நாட்டு இளைஞர் பலர் அங்கு வேலைக்கு வருகின்றனர். அவருள் சிலர் கடல் கடந்தும் செல்கின்றனர். இவ்வன்பருடைய தம்பியும் அங்ஙனம் சென்று அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் பணிபுரிகின்றார். உடன் வேலை செய்வோர் அவரை இலையுதிர் காலத்தில் எல்க் வேட்டைக்கு அழைத்துள்ளனர். அவரும் இசைந்து, சில திங்களாக ஆயத்தம் செய்து வருகின்றார். தமையனார் தடுத்தபோது தம்பி கொடுத்த விடை இது: “அண்ணா, நாம் கடையில் இறைச்சி வாங்கி உண்கின்றோம். எவனோ கொல்கின்றான், எவனோ சுமக்கின்றான், நாம் காசு கொடுத்துக் கண்ணை மூடிக்கொள்கின்றோம். என் கையாற் கொன்று, என் தோளிற் சுமந்து உண்பது அதனினும் நேர்மையன்றோ?”

இவ்விடையை எளிதாகத் தள்ளிவிடலாகாது. முதலில் அவ்வேட்டை இன்னதென்று அறிவோம்.

எல்க் என்பது மானினத்துள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. வளர்ந்த கலைமான் முந்நூறு கிலோவுக்கு மேலும் நிற்கும். நம் அகத்தியமலைக் காடுகளில் திரியும் மிளா அதற்கு உறவு. அந்த மிளாவை இலங்கைத் தமிழர் மரை என்பர். இலங்கையில் குடியேறிய ஆங்கிலேயர் அந்த மரையையே எல்க் என்று பெயரிட்டு அழைத்தனர். சாமுவேல் பேக்கர் என்பார் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நுவரெலியாவில் தங்கி, வேட்டை நாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கத்தியாற் குத்திக் கொன்றதைத் தாமே நூலாக எழுதி வைத்துள்ளார். அஃது உணவுக்குச் செய்த வேட்டையன்று, விளையாட்டு.

கொலராடோவில் நடப்பது அத்தகையதன்று என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். 1949-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் வேட்டைப் பயிற்சியில் தேறினாலன்றி அங்கு உரிமச் சீட்டுப் பெறுதல் இயலாது. பாதையற்ற மலைக்குள் செல்வோர் பல திங்கள் முன்பிருந்தே முதுகிற் பாரம் ஏற்றி ஏறி இறங்கிப் பழகுகின்றனர். நிலப்படமும் திசைகாட்டியும் கொண்டு வழி காணப் பயில்கின்றனர். எத்துணைத் தொலைவு வரை தம் குறி தவறாதென்று சோதித்து, அதற்கப்பால் நிற்கும் விலங்கைச் சுடாது விடுதல் வேண்டும் என்று கற்கின்றனர். குறி தவறினால் விலங்கு காயத்தோடு ஓடிப் பல நாள் வருந்திச் சாகும் என்பதே காரணம்.

விலங்கு வீழ்ந்த பின்னரே மெய்யான உழைப்புத் தொடங்குகின்றது. உடற்சூடு தங்கினால் இறைச்சி கெடுமாதலின் விரைந்து தோலுரித்து, கால்களை வேறு வேறாகப் பிரித்து, காற்றுப் புகும் துணிப்பைகளில் இட்டு நிழலில் தொங்கவிடுதல் வேண்டும். எலும்பு நீக்கிய பின்னும் ஏறக்குறைய தொண்ணூறு கிலோ இறைச்சி தேறும். ஒருவன் ஒரு நடைக்கு இருபத்தைந்து கிலோ சுமந்தால் நான்கு நடை ஆகும். வண்டி நிற்கும் இடம் ஆறு கிலோமீட்டர் தொலைவென்று கொள்வோம். சுமையோடு இருபத்து நான்கு, இடையில் வெறுந்தோளோடு திரும்பி ஏறுவது பதினெட்டு, ஆக நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மலைவழி நடத்தல் வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் அழியவிட்டு வருதல் அங்குக் குற்றம். நல்ல வேட்டைக்காரர் இறைச்சி முழுதும் இறக்கிய பின்னரே கொம்பைத் தொடுவர்.

இவ்வளவு உழைப்பும் அடக்கமும் உடையவனை, கடையில் நிறுத்து வாங்கி வருபவன் இகழ்தற்கு உரிமை இல்லை. ஆயினும் இகழாமை வேறு, உடன்படுதல் வேறு.

யான் பஞ்சாலையிற் பல ஆண்டு உழைத்தவன். எனக்குத் தெரிந்த உவமை ஒன்று கூறுகின்றேன். துணி எந்த நாளில் உண்டாகின்றது? தறியிலிருந்து அறுத்தெடுக்கும் நாளிலா? அன்று. பொதி பிரித்த நாளிலும், தூசு நீக்கிச் சிக்கெடுத்த நாளிலும், நூற்ற நாளிலும், பாவோட்டிக் கஞ்சியிட்ட நாளிலும் துணி உண்டாகிக்கொண்டே வந்தது. அறுத்தெடுக்கும் நாளில் அது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவே. வினையும் அத்தகையது. பகவன் புத்தர் எண்ணத்தையே வினை என்றார். கொலைக்கு ஐந்து உறுப்புகள் உண்டென்று உரையாசிரியர் வகுத்தனர்: உயிர் ஒன்று இருத்தல், அஃது உயிரென்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்குரிய முயற்சி, அம்முயற்சியால் அது சாதல். இவ்வைந்தனுள் சாவு இறுதியில் வருவது. எண்ணமும் முயற்சியும் திங்கட் கணக்காக நீள்வன.

மச்சிம நிகாயத்தில் சீவகன் என்னும் மருத்துவனுக்குப் பகவன் உரைத்த சூத்திரத்தை நோக்குக. ததாகதருக்கோ அவர்தம் சீடருக்கோ உணவிடக் கருதி உயிரைக் கொல்பவன் ஐந்து இடங்களில் தீவினை ஈட்டுகின்றான் என்று ஆங்குக் கூறப்படுகின்றது. முதலாவது எது தெரியுமா? “அவ்விலங்கைக் கொண்டு வா” என்று ஏவுவதே. கத்தி எடுக்கப்படவில்லை, ஒரு சொட்டுக் குருதியும் சிந்தவில்லை, கணக்கோ தொடங்கிவிட்டது. கழுத்திற் கயிறிட்டு இழுக்கப்படும்போது அவ்வுயிர் படும் துயர் இரண்டாவது. கொல்லுக என்று ஏவுதல் மூன்றாவதாகவே வருகின்றது.

அங்ஙனமாயின் பையும் கயிறும் கத்தியும் பாவமோ என்று கேட்கலாம். இல்லை. தம்மபத உரையில் குக்குடமித்தன் என்னும் வேடனுடைய கதை வருகின்றது. அவன் மனைவி தம்மத்தை உணர்ந்தவள். அவளே நாள்தோறும் கணவனுக்கு வில்லும் வலையும் எடுத்துக் கொடுத்து வந்தாள். அவள் கொலையில் பங்குகொண்டாளோ என்று பிக்குகள் ஐயுற்றனர். அவள் உள்ளத்தில் கொல்லும் எண்ணம் இல்லை. புண்ணில்லாத கை நஞ்சைத் தொடினும் நஞ்சு ஏறாது என்பது பகவன் தந்த விளக்கம். ஆகவே குற்றம் கருவியில் இல்லை. கருவியைத் தொடும் உள்ளத்தில் இருக்கின்றது. மலையேறப் பயின்ற கால்களும், வழி காணும் அறிவும், பாரம் தாங்கும் தோளும் நல்லவையே. அவற்றை எதன்பொருட்டுப் பயின்றோம் என்பதே வினா.

இனிக் கடையில் வாங்கி உண்பவன் தப்பினானோ என்பதைப் பார்ப்போம். தனக்காகக் கொல்லப்பட்டதென்று காணாத, கேளாத, ஐயுறாத இறைச்சியைப் பிக்கு ஏற்கலாம் என்று விதி உண்டு. அவ்விதியைக் காட்டி நம்மவருள் சிலர் ஆறுதல் அடைகின்றனர். அவ்விதி ஓடேந்தி நிற்பவனுக்கு உரியது. இட்டதை ஏற்பவன் அவன். இன்னது வேண்டுமென்று கேளாதவன். பணப்பை ஏந்தி நிற்பவனோ இன்னது, இத்துணை என்று கேட்டு வாங்குகின்றான். நாளைக்கும் அறுப்பதற்கு இன்றைக்கு அவன் கொடுக்கும் காசே முதல். வாங்குவார் இல்லையேல் விற்பார் இல்லை என்பதைத் திருவள்ளுவரும் புலால் மறுத்தலில் எடுத்துக்காட்டினார். ஆதலின் அத்தம்பி நம்மை நோக்கிச் சாட்டிய குற்றம் மெய்யே. அவர் கண்ட நோய் மெய். கொண்ட மருந்தே தவறு. மறைவிற் செய்யப்படும் தீங்குக்கு மாற்று, அதே தீங்கை வெளிப்படச் செய்வதன்று. குறைத்துச் செய்து முடிவில் ஒழிப்பதே.

“ஓநாய்களை அழித்துவிட்ட நாட்டில் மான்கள் பெருகிப் பசியால் மடியுமே; அளவோடு கொல்வதில் என்ன குற்றம்?” என்பாரும் உளர். கொலராடோ மக்கள் 2020-இல் வாக்களித்து, 2023 இறுதியில் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டனர் என்பதும் கருதத்தக்கது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மிளா வேட்டையைத் தடுக்கின்றது. எனினும் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடுவிக்கும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்க்கு அளித்தது; அவ்வுடலை உண்ணாமல் முறைப்படி அழித்தல் வேண்டும் என்றும் விதித்தது. ஆங்கோ இறைச்சியை விடுதல் குற்றம். ஈங்கோ எடுத்தல் குற்றம். இரண்டும் அரசின் விதிகள். மரவள்ளித் தோட்டத்தை இழந்து கடனில் நிற்கும் உழவனுடைய துயரை நாம் எளிதாக எடைபோடலாகாது. ஆனால் சம்பளமும் உணவும் குறைவற்ற இளைஞன் தொலைவிலிருந்து சென்று கொல்லுதற்கு அவ்வுழவன் துயரைச் சான்றாகக் காட்டல் பொருந்தாது. அரசு இசைந்தது என்பது சட்டத்திற்கு விடை, மனத்திற்கு விடையாகாது.

அன்பர்களே, இனி நம் குலத்தார் நெஞ்சைத் தொடும் ஒன்றைக் கூறுகின்றேன். மூணாற்றுப் பக்கத்து இரவிகுளம் 1971 வரை தோட்டத் துரைமாரின் வேட்டைக்காடாக இருந்தது. 1978-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அத்தகைய வேட்டைகளில் சுட்டவன் பெயர் கொம்பின் கீழே பலகையிற் பொறிக்கப்பட்டது. தடம் கண்டு சொன்ன மலைவாழ் மக்களின் பெயரும், தோளிற் சுமந்து இறக்கியவர் பெயரும் எப்பலகையில் உள? ஊருக்குள்ளும் இதே முறைதான். வேட்டையாடிய அரசனைப் பாடிப் புகழ்ந்தனர். தானே செத்த மாட்டை ஊர் நாறாமல் இழுத்துச் சென்றவனைத் தீண்டலாகாதென்று தள்ளினர். கொன்றவனுக்குப் புகழ்; சுமந்தவனுக்கு இழிவு. அச்சுமையை நம்மேற் சுமத்திவிட்டு, சுமந்ததையே குற்றமாக்கிய கொடுமை கண்டுதான் பாபாசாகேப் அம்பேத்கர் 1927-இல் மகாடில் அத்தொழிலை விட்டொழிக்குமாறு மக்களை அழைத்தார்.

தம்மத்தின் துலாக்கோல் இவ்வுலகின் துலாக்கோலுக்கு நேர்மாறானது. அது கையில் ஒட்டிய குருதியை நிறுப்பதில்லை. உள்ளத்தில் ஊறிய எண்ணத்தை நிறுக்கின்றது. அந்தத் துலாக்கோலில், செத்ததைச் சுமந்த நம் பாட்டனார் குற்றமற்றவர். குதிரைமேல் இருந்து அம்பெய்த அரசனே கடனாளி. இதனை உணர்ந்த நாம், அரசனுடைய இடத்தில் போய் நிற்க அழைப்பு வரும்போது அதனைப் பெருமை என்று மயங்கலாமோ? தன் கொலையைத் தானே சுமக்கின்றான் என்பதால் கொலராடோ வேட்டைக்காரன் பழைய துரையினும் மேலானவன். ஆயினும் சுமத்தல் கொலையைக் கழுவிவிடாது.

ஊன் உண்டே வாழ்வோர்க்குத் தம்மம் வழி காட்டாதோ எனின், காட்டும். மணிமேகலையில், கலம் கவிழ்ந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவன் அந்நாட்டுத் தலைவனுக்கு அறம் உரைத்தான். ஊனும் கள்ளுமின்றி எவ்வாறு வாழ்வதென்று அவன் கேட்டபோது, சாதுவன் அவனை வெறுக்கவில்லை. ஒரே நாளில் துறவியாகு என்றும் சொல்லவில்லை. கலம் சிதைந்து வரும் மக்களைக் காக்கச் சொன்னான். மூப்பால் தாமே இறக்கும் விலங்குகளன்றிப் பிற உயிர்க்குத் தீங்கு செய்வதை விடச் சொன்னான். செத்ததைச் சுமக்கலாம், கொல்லலாகாது என்னும் இவ்வறம் நம் தமிழிலேயே உள்ளது.

அசோக மாமன்னரும் படிப்படியாகவே இறங்கினார். தம் அடுக்களையில் முன்னர்ப் பல்லாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன. இப்போது நாளொன்றுக்கு இரு மயிலும் ஒரு மானுமே. அம்மானும் எப்போதும் இல்லை. இனி இவையும் கொல்லப்படா என்று கல்லில் வெட்டுவித்தார். வேட்டைச் செலவை நிறுத்தி அறச்செலவு மேற்கொண்டார். தம் கணக்கைத் தாமே எழுதி நாடறிய நிறுத்திய அந்நேர்மையே உண்மையான நேர்மை.

ஆதலின் கொலராடோவில் உள்ள தம்பிக்கு நாம் சொல்வது இதுவே. பாவோட்டிய பின்னரும் தறியை நிறுத்தலாம். துணி அறுபடும் வரை காலம் உண்டு. மலைக்குச் செல்க, பயின்ற கால்கள் வீணாகவேண்டா. துப்பாக்கியை மட்டும் விட்டுச் செல்க. ஈண்டுள்ள நாமும் ஒன்று செய்வோம். ஒரு திங்கள், நம் இலையில் விழும் ஒவ்வோர் ஊன் துண்டுக்கும் அவ்வுயிர் எங்கு வளர்ந்தது, யார் கொன்றார், யார் சுமந்தார் என்று கேட்டு எழுதி வைப்போம். விடை தெரியாத துண்டை உண்ணாதிருப்போம். திங்கள் முடிவில் அக்கணக்கு எவ்வளவு சுருங்கியதென்று வீட்டார் அறியப் படிப்போம். அடுத்த திங்கள் அதனினும் சுருக்குவோம்.

உயிர்கள் அச்சமின்றி வாழ்க.