மண் பொறுக்குமா?

ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு கலந்த நிலத்தில் மண், நீர் மாதிரி எடுப்பது என் வேலை. ஒவ்வொரு குழிக்கும் புதுக் கையுறை. கிணற்றில் தேங்கியதை இறைத்துவிட்டு, புதிதாக ஊறி வரும் நீரைத்தான் பாட்டிலில் பிடிப்பேன். மஞ்சளாக வரும். ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

பொறுமைக்கு நிலத்தை உவமை சொன்னார் வள்ளுவர். பொறுப்பதெல்லாம் மன்னிப்பது ஆகுமா? கொட்டியதை மண் மறக்கவில்லை. நீர்வழியே திருப்பித் தருகிறது. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பார்கள். இங்கே விதைத்தவர் ஒருவர், குடிப்பவர் இன்னொருவர். இதை விதி என்று சொல்ல நாக்கு கூசுகிறது.

பாட்டிலில் ஒட்டும் சீட்டில் இடம், ஆழம், நேரம் எழுதுகிறேன். பேச முடியாத மண்ணுக்காக நான் சொல்லும் சாட்சி அது. எனக்குத் தெரிந்த வழிபாடும் அதுதான்.