கரைச்சல் கொடுக்காத நோயாளி

எம்மவர் செத்தவீடுகளில் அடிக்கடி கேட்கும் பாராட்டு ஒன்று உண்டு. "மனிசி கடைசிவரைக்கும் ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கேல்லை." இதைவிட உயர்ந்த நற்சான்றை எமது ஊர் மனிதர் வேறெதற்கும் கொடுப்பதாகத் தெரியவில்லை. பிறருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்பது எமது பெரியவர்களிடம் ஊறிப்போன எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் இந்த நாட்டு வைத்தியசாலைக் கட்டிலில் படுத்திருக்கும் ஒருவருக்கும் அது நற்குணமாகவே இருக்கிறதா என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. எமது ஆலயக் குடும்பங்களில் எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்களின் தொகை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டு போகும் இந்தக் காலத்தில் இது வெறும் தத்துவக் கேள்வி மட்டுமன்று.

இரவு இரண்டு மணி என்று வைத்துக்கொள்வோம். அம்மம்மாவுக்கு மலசலகூடம் போக வேண்டும். கைக்கு எட்டும் தூரத்தில் அழைப்பு மணி தொங்குகிறது. அவர் அதை அழுத்த மாட்டார். "அந்தப் பிள்ளை பாவம், இரவிரவா ஓடித் திரியுது. நான் மெள்ளப் போட்டு வாறன்" என்பார். நாலு நாள் படுத்திருந்த உடம்பு திடீரென்று எழும்பினால் இரத்த அழுத்தம் சட்டென இறங்கும், தலை சுற்றும். அழுத்தத்துக்கான குளிசையும் நித்திரைக் குளிசையும் எடுத்திருந்தால் சொல்லவே தேவையில்லை. இதனால்தான் தாதியர் நோயாளியை முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டுச் சில நிமிடங்கள் இருத்தி, முகத்தைப் பார்த்து, தலை சுற்றுகிறதா என்று கேட்டு, அதன் பின்னரே எழுப்புகிறார்கள். பார்ப்பவருக்கு அது வீண் மினக்கேடாகத் தோன்றும். வெள்ளிக்கிழமை தவறாமல் எமது ஆலயத்துக்கு வந்துகொண்டிருந்த ஓர் அம்மா, நெஞ்சுச் சளிக்காக வைத்தியசாலைக்குப் போனவர், சளி மாறிய பிறகு இடுப்பெலும்பு முறிந்து அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. மணி அவரது தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்ததாம்.

கணக்கு எழுதிப் பிழைக்கும் எமக்கு இதில் ஒரு விடயம் உடனே கண்ணில் படுகிறது. ஏட்டில் பதியப்படாத செலவு செலவில்லை என்று ஆகிவிடாது. அது வேறொரு பக்கத்தில், வேறொருவர் பெயரில், வட்டியோடு வந்து நிற்கும். அந்த அம்மா ஒரு தாதிக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தது பத்து நிமிடம். அதற்குப் பிறகு மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் சத்திரசிகிச்சை வைத்தியரும் அதே தாதியுமாகச் சேர்ந்து கொடுத்தது எத்தனை மாதம்?

அந்த மணி ஏதோ அலங்காரத்துக்காக வந்த பொருளும் அன்று. புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1853 இல் லண்டன் ஹார்லி வீதியில் ஒரு சிறிய நோயாளர் இல்லத்தைப் பொறுப்பேற்றபோது, வெந்நீர் மாடிக்குக் குழாயில் வரவேண்டும் என்பதோடு சேர்த்து அவர் கேட்ட வசதிகளில் மணியும் ஒன்று. வெறுமனே ஒலித்தால் போதாது. எந்த நோயாளி அழைத்தார் என்பது தாதி வந்து பார்க்கும்வரை அடையாளமாகத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்றார். நோயாளி அழைப்பது தாதியின் வேலைக்கு இடைஞ்சல் என்று அவர் நினைத்திருந்தால் இவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டார். அழைப்புத்தான் வேலையின் தொடக்கம்.

அடுத்தது புரண்டு படுக்கும் விடயம். இதை எம்மவர் பலர் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. அசையாமல் கிடப்பவரின் பாரம் முழுவதும் வால் எலும்பு, குதிக்கால், இடுப்பு என்ற சில எலும்பு முனைகளில் தாங்குகிறது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கும் தசைக்கு இரத்தம் போகாது. சில மணித்தியாலங்களில் தசை இறக்கத் தொடங்கும். வெளியே தெரிய முன்னரே உள்ளே புண் வைத்திருக்கும். முற்காலத்தில் இதற்கு எண்ணெயும் மாவும் மதுசாரமும் பூசித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். டொறீன் நோர்ட்டன் என்ற ஆங்கிலத் தாதி, முதியோர் பராமரிப்பை வேறு இருவரோடு சேர்ந்து ஆராய்ந்து 1962 இல் முடிவுகளை வெளியிட்டார். பூச்சுகளைவிட நேரம் தவறாமல் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதே புண்ணைத் தடுக்கிறது என்பது அதன் சாரம். யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்க அவர் ஒரு புள்ளித் திட்டமும் தந்தார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், கட்டிலில் அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு என்ற ஐந்துக்கும் ஒன்று முதல் நாலு வரை புள்ளி. மொத்தம் 20. அதில் 14 அல்லது அதற்குக் குறைவாக வந்தால் கவனம் தேவை. இலக்கங்களோடு சீவிக்கும் எம்மைப் போன்றவர்களுக்கு இதைப் படிக்க ஒரு தனி மகிழ்ச்சி.

ஆனால் இங்கே எம்மவருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தாதியர் பாடப்புத்தகங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்த முதல் அறிகுறி "தோல் சிவத்தல்". யாருடைய தோல்? வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரியும் சிவப்பு எமது கறுத்த, மாநிறத் தோலில் தெரிவதில்லை. நிறம் சற்றே கடுமையாகலாம். ஊதாச் சாயல் வரலாம். பல வேளைகளில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. அதனால்தான் இப்போது தொட்டுப் பார், சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ குளிராகவோ இருக்கிறதா, இறுகியோ தொளதொளத்தோ இருக்கிறதா பார், அந்த இடத்தில் நோகிறதா என்று கேள் எனப் படிப்பிக்கிறார்கள். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். கண் கைவிடும் இடத்தில் நோயாளியின் வாய்தான் சாட்சி. அந்த வாயும் "எனக்கொண்டுமில்லை பிள்ளை" என்று சொல்லிவிட்டால் தாதி எதை வைத்து அறிவார்? நீரிழிவினால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அந்தச் சாட்சியும் பாதிதான். அவர்களது குதிக்காலைப் பார்க்கப் போகும் பிள்ளைகள் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

அப்படியானால் எமது பெரியவர்கள் பிழையாகத்தான் வளர்க்கப்பட்டார்களா? நாம் அப்படி நினைக்கவில்லை. ஊரில் ஒருவர் வருத்தமாய்க் கிடந்தால் துணைக்கு ஒருவர் பக்கத்தில் இருப்பார். பெரியாஸ்பத்திரியிலும் வாட்டுக்கு உள்ளேயோ வெளியேயோ யாராவது ஒரு சொந்தம் காத்து நிற்கும். கிடப்பவர் வாய் திறக்கத் தேவையில்லை. முகம் சுருங்கினால் தண்ணீர் வரும், முனகினால் தலையணை மாறும். கேளாமல் இருப்பது அவருடைய பண்பு. கேளாமலே அறிவது பக்கத்தில் இருப்பவருடைய பண்பு. இரண்டும் ஒரு சோடி மாடு போல ஒரே வண்டியை இழுத்தன. இங்கே நாம் ஒரு மாட்டை மட்டும் கொண்டு வந்திருக்கிறோம். பார்வையாளர் நேரம் முடிந்ததும் பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டும், விடிந்தால் வேலை. இரவு கடமையில் நிற்கும் தாதி பிலிப்பைன்ஸிலோ கேரளத்திலோ நைஜீரியாவிலோ இருந்து வந்தவராக இருப்பார். அன்பானவர்தான். ஆனால் எமது மௌனத்தை வாசிக்கும் எழுத்து அவருக்குத் தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். நாம் சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்த சனம். சீருடை போட்டவர் முன்னால் குறைவாகக் கதைப்பதே பாதுகாப்பு என்று படித்தவர்கள். அவர் என்ன கேட்டாலும் "ஓம்" என்று சொல்லித் தலையைக் குனிந்தால் வரிசை நகரும். வைத்தியசாலையில் தாதி மருந்து கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் பெயரும் பிறந்த திகதியும் கேட்கிறார். "காலமை சொன்னனான்தானே, இவைக்கு என்னில நம்பிக்கை இல்லையோ?" என்று ஐயா முகம் சுளிப்பதன் பின்னால் அந்தப் பழைய வரிசை நிற்கிறது. உண்மையில் தாதி சோதிப்பது ஐயாவை இல்லை. தன் கையிலுள்ள குளிசையை. "நீங்கள் இன்னார்தானே?" என்று கேட்காமல் "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்கும்படி அவர்களைப் பழக்கியிருப்பதும் காரணத்தோடுதான். முதற் கேள்விக்குக் காது கேளாதவரும் மொழி தெரியாதவரும் "ஓம்" என்று விடுவார்கள். தகப்பன் பெயரையும் கணவன் பெயரையும் படிவங்களில் முன்னுக்குப் பின்னாகப் போட்டு வைத்திருக்கும் எமக்கு இது இரட்டிப்பு ஆபத்து. கந்தையா என்று கூப்பிட்டால் ஒரு வாட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கக் கூடும். (சாதகத்தில் ஒரு பிறந்தநாளும் கடவுச்சீட்டில் வேறொரு பிறந்தநாளும் உள்ளவர்கள் வைத்தியசாலையில் கடவுச்சீட்டுக்காரராகவே இருந்துகொள்வது உத்தமம்.)

பொறுமை சைவர்களின் அணிகலன் அல்லவா, வலியைச் சொல்லிப் புலம்புவது பக்குவக் குறைவு அல்லவா என்று ஒரு பெரியவர் எம்மிடம் கேட்டார். நாம் அவருக்கு நினைவூட்டியது அப்பர் சுவாமிகளை. ஒவ்வொரு சித்திரைச் சதயத்திலும் நாம் குருபூசை செய்யும் அந்தப் பெருமான் சைவத்துக்கு மீண்டது சூலை நோயினால். தருமசேனராக இருந்த காலத்தில் வலி தாங்க முடியாமல் போனபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கவில்லை. சமையற்காரரைத் தமக்கையார் திலகவதியாரிடம் தூது அனுப்பினார். தமக்கையார் அங்கே வர மறுத்ததும், இரவோடு இரவாகத் தாமே திருவதிகைக்குப் போனார். அங்கே அவர் பாடிய முதற் பதிகம் முழுவதும் நோயாளியின் முறைப்பாடு. எங்கே வலிக்கிறது, எப்படி முடக்குகிறது, இனித் தாங்க முடியாது என்று இறைவனிடமே ஒளிக்காமல் சொல்கிறார். அதைத்தான் நாம் தேவாரமென்று கண்ணீர் மல்கப் பாடுகிறோம். இறைவனுக்குச் சொல்லாமலே தெரியும். தாதிக்குத் தெரியாது. பெரியவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "அது வேற, தம்பி" என்றார். வேறா என்பதை வாசகர்கள் யோசிக்கட்டும்.

தாதியரின் வேலைப்பளுவை அறியாமல் நாம் எழுதவில்லை. எமது பிள்ளைகள் பலரும் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் இரவுக் கடமைக்குப் போகிறார்கள். கட்டிலைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்று கதைத்துச் சிரிப்பதும், பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் திறனைச் சோதிக்க முன்னரே "ஒரு வாய்தானே" என்று கஞ்சி பருக்கி அது சுவாசக் குழாய்க்குள் போவதும் எம்மவர் கொடுக்கும் மெய்யான கரைச்சல்கள். அவற்றைத் துணிந்து செய்கிற நாம், நோகிறது என்று சொல்ல மட்டும் வெட்கப்படுவது விந்தை. வைத்தியசாலைகளே இப்போது கரைச்சல் கொடுங்கள் என்று கேட்கின்றன. 2021 இல் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, நிலைமை மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னது கவனிக்கப்படாமல் இறந்துபோனாள். அதன் பிறகு, 2024 முதல் இங்கிலாந்து வைத்தியசாலைகளில் நடைமுறைக்கு வந்திருப்பதுதான் மார்த்தா விதி. நோயாளியோ குடும்பத்தவரோ தமது கவலை கேட்கப்படவில்லை என்று கருதினால், வேறொரு வைத்தியக் குழு வந்து உடனே பார்க்கும்படி அழைக்கலாம். அந்த இலக்கம் எதுவென்று அனுமதிக்கப்படும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்வதற்கு மனம் வந்தாலும் சொல் வேண்டுமே. இங்கே பிறந்த பிள்ளைகள் அம்மம்மாவின் குத்தையும் உளைவையும் எரிவையும் கடுப்பையும் விறைப்பையும் "பெயின்" என்ற ஒரே சாக்குக்குள் போட்டுத் தாதியிடம் கொடுக்கிறார்கள். நெஞ்சில் இறுக்கம் என்பதும் நெஞ்சில் குத்து என்பதும் வைத்தியருக்கு வெவ்வேறு வழிகளைக் காட்டும். போதாக்குறைக்கு எமது தலையாட்டல்! சம்மதம் என்று நாம் ஆட்டுவதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. சத்திரசிகிச்சை போன்ற பெரிய விடயங்களுக்குப் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாமல், வைத்தியசாலையிடம் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையில் அதை ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு, எமக்குச் செலவில்லை. தாய் தனக்குச் சொல்லக் கூச்சப்படும் இடத்தைப் பேரன் வாயால் சொல்லவைப்பதும் முறையன்று.

அன்றாடத் தேவைக்கென்று ஒரு தாளில் வலிச் சொற்களையும், "என்னைத் திருப்பிப் படுக்க வையுங்கள்", "எழும்பத் துணை வேண்டும்", "பெண் தாதி வேண்டும்" போன்ற சில வசனங்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே எழுதியிருக்கிறோம். கட்டில் மேசையில் வைத்துக்கொண்டு விரலால் சுட்டிக் காட்டினால் போதும். பிரதிகள் ஆலய அலுவலகத்தில் உண்டு. "விண் விண் என்று தெறிக்குது", "சுள்ளென்று இழுக்குது" என்பவற்றுக்குச் சரியான ஆங்கிலம் இன்னும் அகப்படவில்லை. மட்டக்களப்பு, மன்னார், மலையக அன்பர்கள் தங்கள் ஊர்ச் சொற்களையும் எழுதித் தந்தால் அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்வோம்.