மணிக்கணக்கில் தொண்டு

வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம் பி.டி.எஸ். மாணவர்களுக்கு ஒரு பாடம்; முகாம்களில் மக்களுக்குப் பல் பார்ப்பதும் அதில் அடங்கும்.

பாடமாகச் செய்வது தொண்டாகுமா?

1969இல், காந்தி நூற்றாண்டில் பிறந்த நாட்டு நலப்பணித் திட்டமும் மாணவர்களிடம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத் தொண்டு கேட்கிறது. கைம்மாறு கருதாததே அறம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உறுத்தும். ஆனால் 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கிய வள்ளலார், பசியாற்றுவதில் உண்பவருக்கு மட்டுமல்ல, இடுபவருக்கும் இன்பம் உண்டென்றார். கொடுப்பவர் மகிழ்வது குறையே அல்ல.

மதிப்பெண்ணையே சுற்றிவரும் இளம் மனம், முகாமுக்குப் பல்வலியோடு வந்த பாட்டியிடம் பேசும்போது கொஞ்சம் வெளியே வருகிறது. ஆனால் அந்த மனத்தில் மனச்சோர்வு இருந்தால், தொண்டு மட்டும் சிகிச்சையாகாது. அதற்கு ஆலோசகர் வேண்டும். நலப்பணி முகாம் முடிந்ததும் ஆசிரியர்கள் மாணவர்களோடு உட்கார்ந்து பேசும் நேரத்தையும் அந்த 240 மணி நேரத்தில் சேர்க்கலாம்.