நீலம் கரையும் இடம்

திண்டிவனத்தைச் சுற்றியுள்ள வயல்களில் அவுரி பயிராகிறது. பயறு வகைச் செடி. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் சேர்ப்பதால் நெல்லோடு மாற்றிப் பயிரிட ஏற்றது. திண்டிவனத்தின் கே.எம்.ஏ. எக்ஸ்போர்ட்ஸ் இச்செடியிலிருந்து எடுக்கும் நீலத்தை வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது. இதே விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் 1993-இல் தொடங்கிய ‘கலர்ஸ் ஆஃப் நேச்சர்’ நிறுவனம் நொதிக்கவைத்த தாழிகளில் துணிக்கு நீலம் தோய்க்கிறது. ‘இயற்கைச் சாயம்’ என்று சீட்டு ஒட்டிய ஆடையில் இயற்கை எங்கே இருக்கிறது? செடியில் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். தாழியில் என்பது என் கட்சி. அதைப் படிப்படியாக விளக்குகிறேன்.

அவுரியின் பச்சை இலையில் நீலம் கிடையாது. நிறமற்ற இண்டிகன் என்ற பொருளே உண்டு. அறுத்த செடியைத் தொட்டியில் அடுக்கி, நீரில் அமிழ்த்தி, மிதக்காதபடி பாரம் வைக்கிறார்கள். இரவு முழுதும் ஊறும்போது இண்டிகன் உடைந்து இண்டாக்சில் ஆகிறது. நீர் மஞ்சள் கலந்த பச்சையாகிறது. அந்த நீரைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கிக் கலக்குகிறார்கள். ஆட்கள் வரிசையாக உள்ளே நின்று காலால் உதைத்துக் கலக்குவதும் உண்டு. காற்று கலக்கக் கலக்க நுரை நீலமாகி, நீலம் மண்டியாக அடியில் தங்குகிறது. அதைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, கட்டிகளாக வெட்டிக் காயவைக்கிறார்கள். நூறு கிலோ பச்சைச் செடிக்கு ஒரு கிலோ நீலம்கூடத் தேறுவது அரிது.

இனித்தான் சிக்கல். அந்த நீலம் நீரில் கரையாது. கரையாத பொருள் நூலுக்குள் புகாது. மஞ்சளையும் மஞ்சிட்டியையும்போல நீரில் கொதிக்கவைத்துத் துணியை முக்கினால் பயனில்லை. காற்று சேர்ந்து பிறந்த நிறத்திலிருந்து அந்தக் காற்றின் வேலையை நீக்கியாக வேண்டும். வேதியியலில் இதற்கு ஒடுக்கம் என்று பெயர். பழைய தென்னிந்திய முறையில் வேகவைத்த தகரை விதையைச் சுண்ணாம்பும் காரமும் சேர்ந்த நீரில் இட்டு நொதிக்கவிடுவார்கள். நுண்ணுயிர்கள் அந்த ஒடுக்கத்தைச் செய்கின்றன. காரநீர் அதனால் உண்டாகும் வெளிறிய வடிவத்தைக் கரைத்துவைக்கிறது. சோழமண்டலக் கரையின் வெக்கை அந்த உயிர்களுக்கு உகந்தது. தாழியின் மேல் செம்பு நிற ஏடு படிந்து, உள்ளே மஞ்சட்பச்சை தெரிந்தால் தாழி பக்குவமாகிவிட்டது. முக்கி எடுத்த துணி வெளியே வந்து காற்றுப் பட்ட பிறகுதான் நீலமாகும். அடர்நீலம் வேண்டுமென்றால் பலமுறை முக்கி, பலமுறை ஆறவிட வேண்டும். அவசரக்காரருக்கு இந்தத் தொழில் ஆகாது.

இலை அச்சு இதற்கு நேர் எதிரான வேலை. நீலத்துக்கு வேண்டாத நிறமூன்றி, அதாவது நிறத்தை நூலோடு பிணைக்கும் பொருள், அங்கே தேவை. பருத்தியைக் கடுக்காயிலும் படிகாரத்திலும் பதப்படுத்தி, இலைகளைப் பரப்பி, கோலில் இறுகச் சுற்றிக் கட்டி, ஆவியில் வேகவைக்கிறார்கள். இரும்பு உப்பு தொட்ட இடத்தில் இலையின் துவர்ப்புப் பொருள் கரும்சாம்பல் கோடுகளாகப் பதிகிறது. தேக்கின் இளந்தளிர் செந்நிறச் சாயல் தரும். சோப்புநீரில் தேய்த்து இறுக்கிய கம்பளியில் தைலமர இலை நிறமூன்றி இல்லாமலே காவிச் சிவப்பைப் பதிக்கும். ஆனால் கம்பளி புரதம். கடும் காரம் அதை அரித்துவிடும். ஆகவே பருத்திக்கு ஏற்ற நீலத்தாழி கம்பளிக்கு ஆகாது. அதற்கு மிதமான காரமே வேண்டும். (விழுப்புரத்து வெயிலில் கம்பளிச் சட்டையை யார் போடுவார்கள் என்று கேட்கலாம். அது குளிர்நாட்டுச் சந்தைக்குப் போகும் பண்டம்.)

இந்தப் பகுதியின் நீலம் புதிதன்று. பக்கத்துப் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு வணிகர்கள் கப்பலேற்றிய ‘கினே’ என்னும் நீலத்துணி, 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்கப் பணமாகவே புழங்கியது. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1897-இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அவுரி வயல்கள் சுருங்கின.

செயற்கை நீலத்தின் மூலக்கூறும் அவுரி நீலத்தின் மூலக்கூறும் ஒன்றே. துணியில் ஏறியபின் இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. வேறுபாடு அவை வந்த வழியில் இருக்கிறது: ஒன்று எண்ணெய்க் கிணற்றின் வழித்தோன்றல், மற்றது வயலின் விளைச்சல். ஆனால் அவுரி நீலத்தையே சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டில் விரைவாகக் கரைத்துத் தோய்ப்பவர்களும் உண்டு. அந்தக் கழிவுநீரில் கந்தக உப்புகள் மிஞ்சுகின்றன. நொதித்த தாழியை ஊட்டிவளர்த்து மாதக்கணக்கில் பயன்படுத்தலாம். அங்கே கந்தக உப்புக்கு வேலையில்லை. செடி இரண்டுக்கும் பொது, தாழிதான் வேறு.

எனவே, கைவினை ஆடை வாங்கும்போது ‘எந்தச் செடி?’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நீலம் என்றால் ‘எதில் கரைத்தீர்கள்?’ என்றும், இலை அச்சு என்றால் ‘எந்த நிறமூன்றி போட்டீர்கள்?’ என்றும் கேளுங்கள்.