அட்டிகையைப் பற்றி அவர் கேட்கவில்லை

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்கே அவள் அட்டிகை எங்கே என்ற பேச்சு எழுந்தது. தம்பிதான் எடுத்தான் என்று நான் நம்பினேன். அவன் என்னைச் சொன்னான். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு குழித்தறி. அப்பா வெண்பட்டு வேட்டி நெய்த தறி. அட்டிகையில் மூண்ட சண்டை தறிக்கும் வீட்டுக்கும் பரவி, பாகப்பிரிவினை வழக்காயிற்று. ஒன்பது வருஷம் வாய்தா.

நடுவில் ஒருநாள், மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன், அவனும் செய்யட்டும் என்று கிளம்பிவிட்டேன். பெரியம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "எவன் பொய் சொன்னாலும் அவன் குடும்பம் விளங்காது. விளங்காமப் போறது யாருடா? நம்ம வீட்டுப் பிள்ளைங்கதானே?"

பிறகுதான் கோர்ட்டே எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பியது. நடுவராக உட்கார்ந்த வக்கீலம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்: நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், இங்கே பேசுவது கோர்ட்டுக்குப் போகாது, பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். அப்புறம் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டார். தம்பி அங்கே சொன்னதை எழுத எனக்கு உரிமையில்லை. நான் சொன்னதை எழுதலாம். அரை மணி நேரம் அட்டிகையைப் பற்றியே பேசினேன். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "தறியில இனிமே யாருங்க உட்காருவாங்க?" என்றார். அட்டிகையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. இவர்களுக்கு உண்மையே வேண்டாமா என்று எனக்கு நெஞ்சு கொதித்தது.

தறி தம்பிக்குப் போயிற்று. அவன் மகன் நெய்கிறான். எனக்கு முன்கட்டும் கொஞ்சம் பணமும். கையெழுத்துப் போட்டேன், ஆனால் கேள்வி போகவில்லை. அதனால்தான் இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்.

வழக்கைக் கோர்ட்டே சமரசத்துக்கு அனுப்ப வழிசெய்யும் பிரிவு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, வேறு திருத்தங்களோடு சேர்ந்து 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது நம் சேலம் வக்கீல் சங்கம். திருத்தங்கள் செல்லும் என்று அந்த ஆண்டே தீர்ப்பாயிற்று. நீதிபதி ஜகந்நாத ராவ் குழு வகுத்த சமரச விதிகளை 2005 ஆகஸ்டில் அதே வழக்கில் நீதிமன்றம் ஏற்றது. இந்தியாவில் எங்கே சமரசச் சட்டம் படித்தாலும் சேலத்தின் பெயர் வரும். சான்பிரான்சிஸ்கோவில் இருக்கும் ஒரு சட்ட ஆய்வு நிறுவனம் 1990-களிலிருந்தே நம் நீதிபதிகளோடு கலந்து பேசி வந்தது; அமெரிக்கப் பயிற்சியாளர்கள் இங்கே வந்து சொல்லிக்கொடுத்தார்கள். 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் திறந்தது. நடுவருக்கு 40 மணி நேரப் பயிற்சி என்பது பிறகு வழக்கமாயிற்று.

பஞ்சாயத்துப் பேச நமக்கு அமெரிக்காக்காரன் சொல்லித்தரணுமா என்று என் மைத்துனர் கேட்டார். நான் பஞ்சாயத்தில் நின்றவன். தெருவே கூடியிருக்கும்போது எவனும் விட்டுக்கொடுக்க மாட்டான். ஆள்கட்டு உள்ளவன் பக்கம் பேச்சு சாயும். பெண்கள் திண்ணைக்கு அந்தப்புறம். கடைசியில் பெரியவர் சொன்னதுதான் முடிவு. சமரசம் நமக்குப் புதிதில்லை. சாத்திய கதவும், தனியாகப் பேச ஒரு நேரமும், நடுவில் இருப்பவர் தீர்ப்புச் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொள்வதும் எனக்குப் புதிது. வாய்தா போட்ட கோர்ட்டு மட்டும் நம் பாட்டன் கட்டியதா? அதன் சட்டம் 1908-இல் வெள்ளைக்காரன் போட்டது.

ஆனால் உண்மை? நாம் கண்ணகி கதை கேட்டு வளர்ந்தவர்கள். சிலம்பை உடைத்ததும் உள்ளே இருந்தது மாணிக்கம்; பாண்டியன் உயிரே போயிற்று. நீதி என்றால் அப்படி உடைத்துப் பார்ப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் வழக்கில் உடைத்துப் பார்க்க அட்டிகையே இல்லை. அம்மன் ஒருத்திக்குத் தெரிந்ததை மனிதரிடம் கேட்டு ஒன்பது வருஷம் அலைந்திருக்கிறேன். கற்பூரம் அடிப்பதும் உண்மையை அவள் கையில் விடுவதுதான்; ஆனால் சாபத்தோடு விடுவது. அந்த அறையில் சாபமில்லாமல் விடச் சொன்னார்கள்.

எல்லா வழக்குக்கும் இது ஆகாது. அடிபட்ட பெண்ணிடமும், கூலி கிடைக்காத ஆளிடமும் நடந்ததைக் கேட்காமல் சமாதானம் பேசினால் அது அதர்மம். மோசடி, கள்ளப் பத்திரம் போன்றவை சமரசத்துக்கு உகந்தவையல்ல என்று உச்ச நீதிமன்றமே 2010-இல் சொன்னது. கோர்ட்டின் பாதுகாப்பு தேவைப்படுகிறவர்கள் என்று குழந்தைகளையும் கோயில் தெய்வங்களையும் ஒரே வரிசையில் வைத்தது. தன் வாயால் பேச முடியாதவர்களுக்காக விட்டுக்கொடுக்க யாருக்கும் உரிமையில்லை. இதைப் படித்தபோதுதான் எனக்கு மனம் கொஞ்சம் அடங்கியது.

போன ஆடியில் கோயிலில் தீபத் தட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. தம்பி முதலில் ஒற்றிக்கொண்டான், பிறகு நான். அட்டிகை என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவனிடம் கேட்கவும் இல்லை.