காரணம்: வெளியூர் செல்வதால்

ஜூலை மாதம் கோவை பீளமேட்டுத் தெருக்களில் கேட்டுகளைப் படித்துக்கொண்டே நடக்கலாம். கம்பிக் கேட்டில் கட்டிய அட்டை, காம்பவுண்டுச் சுவரில் கரிக்கட்டி எழுத்து, மின்கம்பத்தில் ஒட்டிய ஜெராக்ஸ் தாள். ‘டூ லெட். குடும்பத்துக்கு மட்டும்.’ ‘பெண்கள் தங்க இடம். இரவு 8 மணிக்குள் திரும்ப வேண்டும்.’ ‘மாடி போர்ஷன். சிறுவாணித் தண்ணீர் உண்டு. வண்டி நிறுத்த இடம் இல்லை.’ போன வருஷம் மகளுக்கு இடம் தேடி, கரூரிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்து, இவற்றையெல்லாம் நானும் படித்தேன். மூன்றாவது வீட்டில் அந்த அம்மா அறையைக் காட்டினார், தண்ணீர் வரும் நேரம் சொன்னார், அட்வான்ஸ் சொன்னார். பிறகு குரலைக் கொஞ்சம் தணித்து, “நீங்க என்ன ஆளுங்க?” என்றார்.

அதை மட்டும் எந்த அட்டையிலும் எழுதுவதில்லை. ‘பேச்சிலர்களுக்கு இல்லை’ என்று பெயின்ட்டால் எழுதி வைத்த வீட்டுக்காரரை நான் மதிப்பேன். வெயிலில் படியேறிப் போய் மூக்குடைபடுவதையாவது அவர் மிச்சப்படுத்துகிறார். எழுதாத நிபந்தனை இருக்கிறதே, அதுதான் அந்த வீட்டின் உண்மையான விளம்பரம். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். படி இறங்கிவிட்டோம்.

இந்தத் தெருக்கள் எனக்குப் புதிதல்ல. 1993 முதல் 97 வரை இங்கேதான் பொறியியல் படித்தேன். பஞ்சாலைப் பணம் பள்ளிக்கூடமாகவும் கல்லூரியாகவும் மாறிய இடம் இது. பி.எஸ்.ஜி. சகோதரர் நால்வர் 1926இல் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறக்கட்டளைக்கு வைத்த கதையை இங்கே ஆட்டோக்காரர்கூடச் சொல்வார். அவிநாசி சாலையில் பஸ் ஏறினால் ‘நவ இந்தியா’ என்று ஒரு நிறுத்தம். எப்போதோ நின்றுபோன ஒரு தமிழ் நாளிதழின் பெயர் அது. இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் ‘ஹோப் காலேஜ்’. இறங்கிப் பார்த்தால் அந்தப் பெயரில் கல்லூரி கிடையாது. ஜி.டி. நாயுடு 1945இல் தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அப்போதைய சென்னை மாகாண கவர்னரின் பெயர் வைத்தார்கள். கல்லூரி அரசுக் கல்லூரியாகித் தடாகம் சாலைக்குப் போய்விட்டது. கண்டக்டர்கள் மட்டும் ‘ஹோப் காலேஜ் எறங்கு’ என்று இன்றும் கூவுகிறார்கள். சரக்கு போன பிறகும் கழற்றாமல் விட்ட விளம்பரப் பலகை மாதிரி.

எங்கள் காலத்தில் இந்த ஊரின் சந்தை ஒரு ஜெராக்ஸ் கடையின் பக்கச் சுவரில் இருந்தது. கடைக்காரர் அதில் பழைய சாக்கைக் கட்டி அடித்திருந்தார். குண்டூசி அவரே தருவார், காசு வாங்க மாட்டார். ஒட்ட வருகிறவன் எப்படியும் பத்துப் பக்கம் ஜெராக்ஸ் எடுப்பான் என்பது அவர் கணக்கு. மினி டிராஃப்டர், கேசியோ கால்குலேட்டர், கம்பி ஹீட்டர், பாதி தேய்ந்த ஷட்டில் மட்டை, இலவம்பஞ்சு மெத்தை எல்லாம் அந்தச் சாக்கில் கைமாறின. கிரேவாலின் கணக்குப் புத்தகத்துக்கும் தெரேஜாவின் எலெக்ட்ரிக்கல் புத்தகத்துக்கும் ஜூனில் ஒரு விலை, தேர்வுக்கு முந்தின வாரத்தில் ஒரு விலை. அங்கே விலை போகாதது உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போகும். புத்தகத்தின் முதல் பக்கத்தில் நான்கைந்து பெயர்கள் வரிசையாக எழுதி அடிக்கப்பட்டிருக்கும். கடைசிப் பெயர் மட்டும் அடிபடாமல் காத்திருக்கும்.

நாளிதழில் வரி விளம்பரம் கொடுக்கிற வசதி ஒருமுறைதான் வாய்த்தது. ஊரில் சித்தப்பா நிலத்தின் ஒரு துண்டை விற்க முடிவு செய்து, ‘நீதான் படிச்சவன்’ என்று என்னை ஏஜென்டிடம் அனுப்பினார். ஏஜென்ட் பென்சில் நுனியால் ஒவ்வொரு சொல்லாகத் தட்டி எண்ணினார். ‘கிணற்று நீர்ப் பாசனம்’ என்பதை மூன்றாக எண்ணியவர், ‘கிணற்றுநீர்ப்பாசனம்’ என்று நான் ஒட்டி எழுதிக் கொடுத்ததும் சிரித்துவிட்டு ஒன்றாக எண்ணிக்கொண்டார். பள்ளியில் தமிழய்யா தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்த புணர்ச்சி இலக்கணம் காசை மிச்சப்படுத்தும் என்று அன்றுதான் தெரிந்தது. விளம்பரம் என்றால் பத்திரிகையின் கடைசி மூலையில் கிடப்பது என்று நினைக்கிறோம். ‘தி ஹிந்து’ 1958 ஜனவரி வரை தன் முதல் பக்கத்தை விளம்பரங்களுக்கே கொடுத்திருந்தது. லண்டனின் ‘தி டைம்ஸ்’ 1966 மே மாதம் வரை அப்படித்தான். பிரதமர் பேசியது என்ன என்பதற்கு முன்னால், யார் வீட்டில் சமையல்காரர் தேவை என்பதைப் படித்தார்கள். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

1995இல், மூன்றாம் ஆண்டில், அந்தச் சாக்குப் பலகையில் நான் ஒரு தாள் குத்தினேன். ‘விற்பனைக்கு: பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். சைக்கிள். நல்ல நிலை. 650 ரூபாய். காரணம்: வெளியூர் செல்வதால்.’

நான் எந்த வெளியூருக்கும் செல்லவில்லை. அப்பா தேர்வுக் கட்டணத்துக்கு அனுப்பிய பணம் ஊட்டியிலும் தியேட்டரிலும் தீர்ந்திருந்தது. இரண்டு அரியருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். பேக்கரியில் வேறு கணக்கு ஏறியிருந்தது. (கோவையில் டீக்கடைக்குப் பேக்கரி என்று பெயர். வெளியூர்க்காரர்கள் முதல் வாரம் கேக் மட்டும்தான் கிடைக்கும் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள்.) ‘காசில்லை, அதனால் விற்கிறேன்’ என்று யாராவது எழுதுவார்களா? அந்தப் பலகையில் பாதிப் பேர் வெளியூர் போனார்கள். மீதிப் பேர் ‘உபயோகம் இல்லாததால்’ விற்றார்கள். காரணம் கேட்கப்படாமலே சொல்லப்படுகிற இடத்தில் பெரும்பாலும் பொய்தான் இருக்கும்.

சைக்கிளைப் பார்க்கப் பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி ஒருவர், முதலாம் ஆண்டு மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். டயரை அமுக்கினார், பெடலைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“ஏனுங் தம்பி, வெளியூரு போறீங்ளா?”

“ஆமாங்க.”

“எந்தூருங்?”

“மெட்ராஸுங்க. ட்ரெய்னிங்.”

“படிப்புக்கு நடுவாலயா?”

நான் செயினுக்கு எண்ணெய் விட்டதைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். 600 ரூபாய்க்கு முடித்தார். எண்ணிக் கொடுத்துவிட்டு, “போற எடத்துல நல்லா இருங் தம்பி” என்றார். அந்தப் பையன் எங்கள் ஹாஸ்டலுக்கு இரண்டு கட்டிடம் தள்ளித்தான் இருந்தான். அடுத்த மூன்று மாதம் நான் மெட்ராஸில் இருந்தாக வேண்டும். அந்தச் சிவப்புச் சைக்கிள் தூரத்தில் தெரிந்தால் புளிய மரத்துக்குப் பின்னால் நிற்பேன், லேபுக்குள் புகுவேன், ஒருமுறை பெண்கள் விடுதி வாசல் வரை போய்த் திட்டு வாங்கினேன். கடைசியில் நூலக வாசலில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டேன். “எப்பண்ணா வந்தீங்க?” என்றான் அவன். கிண்டலா, நிஜமாகவே கேட்டானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதே பருவத்தில் அதே பலகையில் என் அறைத்தோழன் ஒரு தாள் குத்தினான். அரூர்ப் பக்கத்துக்காரன். இரண்டு வருஷமாக மழை பொய்த்து, வீட்டிலிருந்து வரும் மணியார்டர் சிறுத்துக்கொண்டே வந்தது. எங்கள் மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவை மொத்தமாகக் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வகுப்பார்கள். எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை கோழி கேட்டால், கோழி தின்னாதவன் தலையிலும் கொஞ்சம் விழும். அவன் விடுதியைக் காலி செய்வதென்று முடிவெடுத்தான். டிராயிங் ஷீட்டின் பின்பக்கத்தில், லெட்டரிங் வகுப்பில் கற்ற அதே எழுத்தில் எழுதினான். ‘தேவை: தங்க இடம். வாடகை தர இயலாது. பத்தாம் வகுப்பு வரை கணக்கு சொல்லித் தருவேன். ஒரு பெட்டி மட்டுமே உள்ளது.’ கீழே பெயர், வகுப்பு, அறை எண்.

எனக்குக் கூசியது. அவன் பெயரோடு என் அறை எண்ணும் அல்லவா அதில் இருக்கிறது! “அந்த ரெண்டாவது வரிய எடுத்துருடா” என்றேன். “குறைந்த வாடகைன்னு போடு.”

“பின்ன கேப்பாங்க, எவ்வளவு குறைவுன்னு. அதுக்கு நான் என்ன சொல்றது? இயலாதுங்கறது தான நெலம.”

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். ஒருவன் அந்தத் தாளின் அடியில் ‘சோறும் தேவையா?’ என்று எழுதிவிட்டுப் போனான். இவன் போய்ப் பார்த்துவிட்டு, அதை அடிக்காமல், பக்கத்தில் ‘ஆம்’ என்று எழுதினான். அதை நான் வீரம் என்று அன்று நினைக்கவில்லை. திமிர் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்துக் காக்கிச் சட்டையில் ஒருவர் அறைக்கு வந்தார். ஸ்பின்னிங் மில்லில் மேஸ்திரி. ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தார், தலைமுடியில் பஞ்சுத் தூசி. யாரோ ஜெராக்ஸ் எடுக்கப் போனவர் சொல்லியிருக்கிறார்.

“கணக்கு சொல்லித் தர்றேன்னு எழுதியிருக்கறது நீங்களாங் தம்பி? பொண்ணு ஒம்பதாவது, பையன் ஏழாவது. மொட்டை மாடில ஒரு ரூமு கெடக்குது. பழைய சாமான் போட்டு வெச்சிருக்கறேன். எடுத்துப் போட்டாத் தங்கிக்கலாம்.”

ஊர் கேட்டார். அரூர் என்றதும் அங்கே மழை உண்டா என்று கேட்டார். வேறு என்ன கேட்பாரோ என்று நான்தான் பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். “ராத்திரி எந்நேரம் வரைக்கும் லைட்டு எரியுங்?” அவன் பன்னிரண்டு என்றான். அவர் யோசித்துவிட்டு, “பதினொண்ணுன்னா சரி” என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம். பதினொன்றுக்கு மேல் படிக்க அவன் தெருவிளக்குக்கு வந்துவிடுவான். இரண்டு வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்டுக் கணக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் பட்டம் வாங்கினான்.

நான் ஒளிந்து திரிந்த தெருவில் அவன் கையை வீசிக்கொண்டு நடந்தான். ஏழ்மை அவனுக்கு, வெட்கம் எனக்கு. இந்தக் கணக்கு எனக்குப் பல வருஷம் புரியவில்லை. இப்போது தோன்றுவது இதுதான்: ‘விற்பனைக்கு’ என்று எழுதும்போது பொருளுக்குப் பின்னால் நாம் நின்றுகொள்ளலாம். ‘தேவை’ என்று எழுதினால் முன்னால் வைக்க ஒன்றும் கிடையாது, நாமேதான் நிற்க வேண்டும். அதனால்தான் எந்தப் பலகையைப் பார்த்தாலும் விற்பனைக்கு இருப்பது நிறைய, தேவைப்படுவது கொஞ்சம். ஊரில் தேவை குறைவா என்ன? வீட்டுக்குள்ளும் இதே கதைதான். பழைய டிவியை விற்கிறோம் என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லத் தெரிந்த எனக்கு, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த மாதம், இரவு ஒருநாள் ஆஸ்பத்திரியில் மாற்று ஆள் வேண்டும் என்று அதே பக்கத்து வீட்டில் கேட்க வாய் வரவில்லை. பன்னிரண்டு இரவு ஸ்டூலில் உட்கார்ந்தேன். பிறகு விஷயம் தெரிந்து அந்த வீட்டு அண்ணன் கோபித்துக்கொண்டார். “ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எனக்கு வழியில்லாமல் இருந்தது.

கேட்டால் கிடைத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. மேஸ்திரி அன்று ஜெராக்ஸ் கடைப் பேச்சைக் கேட்காமல் போயிருந்தால் என் நண்பன் படிப்பை நிறுத்தியிருக்கவும் கூடும். அந்தப் பலகையில் பதில் வராமல் மழையில் நனைந்து மை கரைந்த ‘தேவை’களையும் பார்த்திருக்கிறேன்.

ஜெராக்ஸ் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். நாங்கள் சாக்கில் குண்டூசி குத்திய அதே 1995இல், சான்பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் என்பவர் தன் நண்பர்களுக்கு மின்னஞ்சலில் ஒரு பட்டியல் அனுப்பத் தொடங்கினார் என்பதும், வரி விளம்பரங்களைப் பத்திரிகைகளிடமிருந்து பறித்தது அதுதான் என்பதும் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. மகள் கட்டில், மேசை, இன்டக்ஷன் அடுப்பு எல்லாவற்றையும் ஒரே மாலையில் போனில் பிடித்துவிட்டாள். கல்லூரிப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டால் பத்து நிமிஷம். பேரம்கூடக் கட்டைவிரலில்தான்.

போன மாதம் ஒரு ராத்திரி அழைத்தாள். மேசையை விற்கப் போகிறாளாம், படம் எடுத்துவிட்டாளாம்.

“அப்பா, எதுக்கு விக்கறேன்னு போடணுமா? எல்லாரும் ஷிஃப்டிங்னு போடறாங்க.”

“நீ எதுக்குக் கண்ணு விக்கற? மேசை நல்லாத்தான இருக்குது?”

பதில் வரவில்லை. பின்னால் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. “ரூம்ல ரெண்டு பேருக்கும் ஒத்து வரலப்பா. ஒரு மாசமாப் பேசறதில்ல. நான் மேசைல உக்காந்தா அவ லைட்ட அணைச்சிடறா” என்றாள். அதற்கு முந்தின ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் சாப்பாடு எப்படி, படிப்பு எப்படி என்று கேட்டு, எல்லாம் நல்லா இருக்கு என்று அவள் சொல்ல, நானும் போனை வைத்திருக்கிறேன்.

“விளம்பரத்த அப்புறம் போட்டுக்கலாம்” என்றேன். “மொதல்ல இருந்து சொல்லு.”

நாற்காலியை வெளியே வராந்தாவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன். பேசி முடித்தபோது மணி பதினொன்றரை. மேசை இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.